சுடோகு கைவந்துவிட்டது, மற்றப் புதிர்களில் மாட்டிக்கொள்கிறேன்: போட்டிக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நாளிதழில் வரும் சுடோகுவைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். அந்தத் தைரியத்தில் போன மாதம் இணையத்தில் நடந்த ஒரு புதிர்ப் போட்டியில் சேர்ந்தேன். 90 நிமிடம், இருபதுக்கு மேற்பட்ட புதிர்கள், பாதிக்கு மேல் நான் பார்த்தே இராத வகைகள். நான்குதான் முடிந்தது. ஒரு ஸ்லிதர்லிங்க்கிலேயே அரை மணி நேரம் போய்விட்டது, கடைசியில் அதுவும் தப்பு. அடுத்த போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது. எதை, எப்படிப் பயிற்சி செய்வது? யூகித்துப் போடுவது தப்பா?

பதில்: முதல் போட்டியில் நான்கு புதிர் முடித்ததை நான் குறைவாக நினைக்கவில்லை. ஒரே புதிரின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்களே, முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

சுடோகு உங்களுக்கு ஏன் வேகமாக வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெட்டியில் 5 எங்கே உட்காரும் என்று நீங்கள் கணக்குப் போடுவதில்லை. கண் தானாகவே அங்கே போய் நிற்கிறது. தினமும் போட்டுப் போட்டு வந்த பழக்கம் அது. மற்ற வகைகளில் ஒவ்வொரு அடிக்கும் விதியை நினைவுபடுத்தி, யோசித்து, பிறகு கோடு போடுகிறீர்கள். ஆகவே இனிமேல் சுடோகுவை எவ்வளவு கூட்டினாலும் பெரிய பலன் இருக்காது. ஒவ்வொரு வகைப் புதிருக்கும் உள்ளே நுழைய இரண்டு மூன்று வாசல்கள் உண்டு. அவற்றைக் கண்ணுக்குப் பழக்க வேண்டும்.

உங்களை மாட்டவைத்த ஸ்லிதர்லிங்க்கையே எடுத்துக்கொள்வோம். புள்ளிகளை இணைத்து, எங்கும் வெட்டிக்கொள்ளாமல், கிளை பிரியாமல், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் ஒரே ஒரு வளையம் வரைய வேண்டும். கட்டத்துக்குள் இருக்கும் எண், அதன் நான்கு பக்கங்களில் எத்தனை பக்கத்தில் கோடு வரும் என்று சொல்கிறது. இப்போது ஒரு 0, அதற்கு வலப்பக்கத்தில் ஒரு 3. 0-வைச் சுற்றி நான்கு பக்கமும் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்; அங்கே கோடு வராது, அடைப்பு என்று அர்த்தம். நடுவில் இருக்கும் பொதுப் பக்கமும் அதில் போய்விட்டதால், 3-இன் மேல், வலது, கீழ் மூன்றும் கோடு. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பொதுப் பக்கத்தின் மேல் நுனியில் இருக்கும் புள்ளியைப் பாருங்கள். அதற்கு இடப்பக்கம் அடைப்பு, கீழ்ப்பக்கம் அடைப்பு, வலப்பக்கத்திலிருந்து கோடு வந்து நிற்கிறது. அது அந்தரத்தில் நிற்க முடியாது, மேலே போயே தீர வேண்டும். அதே மாதிரி கீழ் நுனியில் கோடு கீழே போகும். ஆக இரண்டே எண்களில் ஐந்து கோடுகள். 3-இன் வலது மூலைகள் இரண்டிலும் ஏற்கெனவே இரண்டிரண்டு கோடு சேர்ந்துவிட்டதால், அந்தப் புள்ளிகளிலிருந்து வெளியே போகும் பக்கங்களுக்கும் பெருக்கல் குறி விழும்.

அந்தப் பெருக்கல் குறிகள்தான் உயிர். புதிதாக வருபவர்கள் கோடு மட்டும் போடுவார்கள், கோடு வராது என்று தெரிந்த இடத்தைக் குறிக்க மாட்டார்கள். அப்புறம் அதே மூலையை நான்கு முறை யோசிப்பார்கள். உங்கள் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இன்னும் சில வாசல்கள்: புதிரின் மூலைக் கட்டத்தில் 3 இருந்தால் அந்த மூலையின் இரண்டு பக்கமும் கோடு. மூலையில் 1 இருந்தால் அந்த இரண்டும் அடைப்பு. இரண்டு 3 பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நடுப்பக்கமும் அதற்கு இணையாக இருக்கும் இரண்டு வெளிப்பக்கங்களும் கோடு. கடைசிக் கட்டத்தில் திணறும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: எந்தப் பகுதியைச் சுற்றி எல்லை போட்டாலும், அந்த எல்லையைத் தாண்டும் கோடுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும், ஏனென்றால் உள்ளே போன கோடு வெளியே வந்தாக வேண்டும். ஒற்றைப்படை வந்தால் எங்கோ தப்பு, அல்லது எங்கோ ஒரு கோடு மீதி.

மற்ற வகைகளையும் இப்படித்தான் பழக வேண்டும். நோனோகிராம் என்பது ஓரத்து எண்களைப் பார்த்துக் கட்டங்களைக் கறுப்பாக்கும் புதிர். அதில் 10 கட்ட வரிசையில் 7 என்று, அதாவது தொடர்ந்து 7 கறுப்புக் கட்டம் என்று இருந்தால், இடது ஓரம் ஒட்டி வைத்தால் 1 முதல் 7 வரை, வலது ஓரம் ஒட்டி வைத்தால் 4 முதல் 10 வரை. 4, 5, 6, 7 இரண்டிலும் வருகிறது, உடனே கறுப்பு. ககுரோவில் 1 முதல் 9 வரையுள்ள எண்களை, ஒரே கூட்டலில் எதுவும் திரும்ப வராமல், கொடுத்த கூட்டுத்தொகைக்கு நிரப்ப வேண்டும். இரண்டு கட்டத்துக்கு 16 என்றால் 7, 9தான். 17 என்றால் 8, 9தான். மூன்று கட்டத்துக்கு 7 என்றால் 1, 2, 4 தவிர வேறு வழியில்லை. இந்த மாதிரி ஒரே விடை உள்ள கூட்டல்களை வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்யுங்கள். மசியுவும் வட்டங்கள் வழியாக ஒரே வளையம் வரையும் புதிர்; கறுப்பு வட்டத்தில் கோடு திரும்பியாக வேண்டும். அதில் இரண்டு கறுப்பு வட்டங்கள் ஒட்டி இருந்தால் கோடு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகாது. கறுப்பில் திரும்பிய கோடு அடுத்த கட்டத்தில் நேராகப் போக வேண்டும், ஆனால் அடுத்ததும் திரும்பவேண்டிய கறுப்பு. அதனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் வெளியே ஓடும்.

பயிற்சிக்கு நான் சொல்லும் வழி: ஒரு வாரத்துக்கு இரண்டே வகை. நேரம் குறித்துக்கொண்டு போடுங்கள். மாட்டிக்கொண்ட புதிரை மறுநாள் வெள்ளைத் தாளில் மறுபடி போடுங்கள். விடை தெரிந்ததையே எதற்குத் திரும்பப் போடுவது என்று தோன்றும். ஆனால் எந்த இடத்தைப் பார்த்திருந்தால் புதிர் திறந்திருக்கும் என்பது இரண்டாம் முறைதான் தெரியும். பத்துப் புதிய புதிர்களைவிட இது அதிகம் கற்றுக்கொடுக்கும்.

எந்த இரண்டு வகை என்றால், பெரும்பாலான போட்டிகளில் விதிக் கையேடு சில நாள் முன்பே வந்துவிடும். என்னென்ன வகை, எதற்கு எத்தனை புள்ளி, விடையை எப்படிப் பதிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிப் புதிர், எல்லாம் அதில் இருக்கும். லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா நடத்தும் போட்டிகளும், உலகப் புதிர்க் கூட்டமைப்பின் கிராண்ட் பிரீ சுற்றுகளும் இப்படித்தான் நடக்கின்றன. பழைய புதிர்த் தாள்களும் கிடைக்கும். இந்திய அணிக்குத் தேர்வும் லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா வழியாகத்தான். 1992-இல் நியூயார்க்கில் தொடங்கிய உலகப் புதிர்ப் போட்டி 2017-இல் பெங்களூருக்கே வந்தது. நாட்டுக்கு நான்கு பேர் கொண்ட அணி. அந்தக் கனவு இருந்தால் இந்தக் கையேடுகளை இப்போதே பாடப்புத்தகம் மாதிரி படிக்கத் தொடங்குங்கள்.

போட்டி நாளில் முதல் மூன்று நான்கு நிமிடம் பென்சிலைத் தொடாமல் எல்லாப் பக்கங்களையும் புரட்டுங்கள். புள்ளி என்பது பொதுவாகப் புதிருக்கு ஆகும் நேரத்தை வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது. அது அமைத்தவருக்குத் தோன்றிய நேரம். உங்களுக்குப் பழகிய வகையில் 40 புள்ளிப் புதிர் ஒன்று இருந்தால், பழகாத வகையின் 25 புள்ளிப் புதிரைவிட அது சீக்கிரம் முடியும். அங்கிருந்து தொடங்குங்கள். மூன்று நிமிடமாக ஒரு கோடுகூட நகரவில்லை என்றால், பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். பாதி போட்ட புதிருக்குப் புள்ளி கிடையாதே என்று மனம் பிடித்து இழுக்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் அதே புதிர் வேறு மாதிரி தெரியும்.

யூகம் தப்பா என்று கேட்டீர்கள். தப்பே இல்லை, விடை சரியா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் எங்கே யூகிக்கிறோம் என்பது முக்கியம். இரண்டே வாய்ப்பு உள்ள இடமாக, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்தடுத்து நிறைய நடக்கும் இடமாக இருக்க வேண்டும். அங்கிருந்து நிறப் பென்சிலுக்கு மாறுங்கள். முரண்பட்டால் அந்த நிறத்தை மட்டும் அழித்தால் போதும். நிறம் மாற்றாமல் யூகித்தவர்கள் முழுப் புதிரையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு உத்தி: நல்ல புதிருக்கு ஒரே விடைதான். சுடோகுவில் இரண்டு வரிசையும் இரண்டு நெடுவரிசையும் வெட்டும் நான்கு கட்டங்கள், இரண்டே பெட்டிக்குள் இருக்கின்றன. மூன்றில் 2, 7 மட்டுமே வர முடியும், நான்காவதில் 2, 7, 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதிலும் 2, 7-இல் ஒன்று விழுந்தால் இடம் மாற்றி இரண்டு விடை வந்துவிடும். ஆகவே அங்கே 9. வீட்டுப் பயிற்சியில் இதைத் தொடாதீர்கள், தர்க்கம் வளராது. போட்டியில் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும்: முன்னால் எங்கேயாவது தப்புப் போட்டிருந்தால், இந்த உத்தி அதைக் காட்டிக்கொடுக்காது.

கடைசியாக, விடைப் பதிவு. பல இணையப் போட்டிகளில் முழுப் புதிரையும் கேட்க மாட்டார்கள், குறிப்பிட்ட வரிசைகளைத்தான் கேட்பார்கள். ஒருமுறை நான் சரியாக முடித்த நுரிகபேயில் (கட்டங்களைக் கறுப்பு, வெள்ளை என்று பிரிக்கும் புதிர்), கிடைவரிசை கேட்ட இடத்தில் நெடுவரிசையைப் பதிந்து புள்ளியை இழந்தேன். மறுநாள் தாளை எடுத்துப் பார்த்தபோது ஒரு கட்டம்கூடத் தப்பில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புதிரையும் தொடும் முன்பே, கேட்கப்படும் வரிசையின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுகிறேன். போட்டி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது புதிய புதிர் எதையும் தொடங்குவதில்லை. பதிந்ததையெல்லாம் தாளோடு ஒரு முறை ஒத்துப் பார்க்கிறேன்.