பெரிய நிறுவனத்தின் கை வழியாக வரும் பணம்: வடசென்னை அமைப்புகளுக்குக் கேள்வி பதில்

நன்கொடையாளரிடம் மொத்தமாகப் பணம் வாங்கி, அதைச் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடைநிலை நிறுவனங்கள் உண்டு. அப்படியொன்றில் துணை மானியக் கணக்குகளைப் பல ஆண்டுகள் பார்த்தவள் நான். வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வியாசர்பாடி, மாலை வகுப்பு நடத்துபவர்: அக்கா, ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வழியாக எங்களுக்கு வெளிநாட்டு நிதி வந்துகொண்டிருந்தது. 2020க்குப் பிறகு நின்றுவிட்டது. எங்கள் மீது ஏதாவது குறையா?

உங்கள் மீது ஒரு குறையும் இல்லை தம்பி. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன், பதிவு பெற்ற ஓர் அமைப்பு பதிவு பெற்ற இன்னோர் அமைப்புக்கு அந்தப் பணத்தை மாற்றித் தர முடிந்தது. இப்போது 7ஆம் பிரிவு, யாருக்குமே மாற்றக் கூடாது என்கிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்தத் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. உள்நாட்டு நன்கொடைக்கும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் (சி.எஸ்.ஆர். என்பது இதுதான்) இந்தத் தடை கிடையாது. அந்த நிறுவனத்திடம் அப்படிப்பட்ட பணம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எண்ணூர், மீனவப் பெண்கள் குழு: “மானியமாகத் தர முடியாது, ஆலோசனைக் கட்டணம் என்று பில் கொடுங்கள்” என்கிறார்கள். கொடுக்கலாமா அக்கா?

உண்மையில் வேலை செய்துவிட்டுப் பில் கொடுத்தால் தவறில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் பரவியதே, அது எங்கெங்கே படிந்தது என்று படகில் போய்க் குறித்துக் கொடுத்தால் அது சேவை; அதற்குக் கூலி வாங்கலாம். குழுவின் ஆண்டுச் செலவு மொத்தத்துக்கும் ‘ஆலோசனை’ என்று பெயர் சூட்டினால், அது வேடம் போட்ட மானியம். கேள்வி வரும்போது கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும். நேர்வழி ஒன்று இருக்கிறது: அவர்களே உங்கள் ஊரில் நேரடியாகச் செலவு செய்யட்டும். களப்பணியாளரைத் தங்கள் சம்பளப் பட்டியலில் சேர்க்கட்டும், வாடகையைத் தாங்களே கட்டட்டும். உழைப்பு உங்களுடையது, பெயர் அவர்களுக்கா என்ற ஆதங்கம் நியாயமானது. அறிக்கையில் குழுவின் பெயர் வர வேண்டும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

காசிமேடு: ஐஸ், மீன்பாடி வண்டி, டீ இதற்கெல்லாம் யார் பில் கொடுக்கிறார்கள்? பில் இல்லை என்று மூன்று மாதக் கணக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

துறைமுகத்தில் விடிகாலை நான்கு மணிக்கு ஐஸ் உடைப்பவரிடம் அச்சடித்த பில் கேட்பவர், காசிமேட்டைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். இதற்குத்தான் வவுச்சர் இருக்கிறது. தேதி, பணம் பெற்றவர் பெயர், என்ன வேலைக்கு, எவ்வளவு, பெற்றவர் கையெழுத்து அல்லது கைநாட்டு, உங்கள் பொறுப்பாளர் கையெழுத்து, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ரொக்கம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வருமான வரிக் கணக்கில் அது அறச்செலவாகச் சேராது. எவ்வளவு வரை வவுச்சர் போதும் என்ற வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: பெட்ரோல் பங்க்கில் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். ஆடிட்டர் வரும்போது உங்கள் கையில் வெள்ளைத் தாள்தான் இருக்கும். அன்றே நகல் எடுத்துப் பின்னால் இணைத்துவிடுங்கள்.

கொருக்குப்பேட்டை: நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் தருகிறார்கள், வாடகைக்கும் கணக்கு எழுதுபவர் சம்பளத்துக்கும் தர மறுக்கிறார்கள். சட்டம் அப்படியா?

சட்டத்தின் மேல் பழி போடுவது சுலபம். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது வெளிநாட்டு நிதிக்கான வரம்பு. முன்பு அது 50 ஆக இருந்தது. சமூகப் பொறுப்பு நிதியில் சொல்லும் 5 சதவீதம், கம்பெனி தன் நிர்வாகத்துக்குச் செலவழிப்பதற்கான வரம்பு. உங்கள் வகுப்பு நடக்கும் அறையின் வாடகை அந்தத் திட்டத்தின் நேரடிச் செலவு, அது இந்த ஐந்தில் வராது. பல இடங்களில் நடப்பது இதுதான்: நிர்வாகச் செலவுக்கு வந்த பங்கை நடுவில் இருப்பவர் முழுதாக வைத்துக்கொள்கிறார், கணக்கு எழுதும் சுமை மட்டும் கீழே இறங்குகிறது. நன்கொடையாளருக்குக் கொடுத்த மூல பட்ஜெட்டைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

தண்டையார்பேட்டை: இரண்டாம் தவணை வரவில்லை. கடன் வாங்கித்தான் சம்பளம் கொடுத்தோம் அக்கா.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அறிக்கை கொடுத்த எத்தனை நாளில் அடுத்த தவணை வரும் என்று அதில் எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. வந்த பணத்தை எதற்குச் செலவழித்தீர்கள் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றை நீங்கள் கொடுக்க வேண்டிய தேதி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்! அடுத்த முறை கையெழுத்துக்கு முன் இரண்டு கேளுங்கள்: கையிலுள்ள தவணையில் முக்கால் பங்கு செலவானதும் அடுத்ததைக் கோரும் உரிமை, அறிக்கையில் குறை இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை. இப்போதைக்கு, எந்தத் தாள் பாக்கி என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

திருவொற்றியூர்: எங்களுக்குக் கொடுத்தால் அவர்களுக்கு வரிச் சிக்கல் என்கிறார்கள். சாக்குப்போக்கா?

இது சாக்கு இல்லை. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு டிரஸ்ட் இன்னொரு டிரஸ்டுக்கு 100 ரூபாய் நன்கொடை தந்தால் வரிவிலக்குக்கான அறச்செலவாக 85 ரூபாய்தான் கணக்கில் ஏறும். கைமாறக் கைமாறப் பணம் தேங்கக் கூடாது என்று கொண்டுவந்தது, பிரித்துக் கொடுப்பதையே வேலையாகக் கொண்டவர்களையும் சேர்த்து அடிக்கிறது.

புளியந்தோப்பு, இளைஞர் மன்றம்: எங்களுக்குப் பதிவே இல்லை. வழி உண்டா?

மானியமாக வாங்குவது கடினம். பொருளாகவோ நேரடிச் செலவாகவோ வாங்கலாம்: கால்பந்து, ஜெர்சி, பயிற்சியாளர் ஊதியம் என்று அவர்களே கடைக்கும் ஆளுக்கும் கட்டிவிடுவார்கள். தொடர்ந்து நடத்துவதாக இருந்தால் ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன்பின் பான் கார்டு, வங்கிக் கணக்கு, வருமான வரிப் பதிவு. இன்றைக்கே ஒரு தீர்மானப் புத்தகம் வாங்கி, கூட்டம் நடந்தால் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். பின்னால் உங்களைப் பரிசீலிக்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.