4294967295 என்ற எண்ணில் கணித ரீதியாக ஏதாவது சிறப்பு உண்டா?

நிரல் எழுதுபவர்களுக்கு இது பழகிய முகம். 32 பிட்டில் (0 அல்லது 1 ஆன 32 இலக்கங்களில்), கழித்தல் குறிக்கு இடம் வைக்காமல் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண், அதாவது 2³² − 1. நான் முதலில் பார்த்ததும் பிழை தேடும்போதுதான். பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு −1 வரும் என்று காத்திருந்தால், திரையில் இது வந்து நின்றது. சரி, கணினிக் கதை அவ்வளவுதான். பின்னால் ஒருநாள் சும்மா காரணிப்படுத்திப் பார்த்தபோதுதான் அசந்துபோனேன்:

3 × 5 × 17 × 257 × 65537

இப்படிப் பிரிவதில் மாயம் இல்லை. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பிரிக்கும் பள்ளிச் சூத்திரம்தான். 2³² − 1 என்பது (2¹⁶ + 1) × (2¹⁶ − 1). இரண்டாவதை மறுபடி உடைக்கலாம், அதில் வருவதை இன்னொரு முறை. வெங்காயம் உரிப்பது போல. ஆனால் உரித்த ஐந்தும் பகா எண்களாக அமைந்தது பெரிய அதிர்ஷ்டம். 2 + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1 என்று அடுக்கு இரட்டிப்பாகிக்கொண்டே போகும் இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மா நம்பினார். அடுத்ததே காலை வாரியது. 2³² + 1 = 4294967297 = 641 × 6700417 என்று 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் காட்டினார். அதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே சிக்கிவிடுகிறது! ஃபெர்மா இதைக் கோட்டை விட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வடிவியலிலும் நம் 4294967295-க்கு இடம் உண்டு. கவராயமும் குறியிடாத அளவுகோலும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று தெரிந்த ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணங்கள் மொத்தம் 31. அந்த 31 பக்க எண்ணிக்கைகளும் 1-ஐத் தவிர்த்த இந்த எண்ணின் வகுத்திகளே. மிகப் பெரியது இந்த எண்ணேதான். காஸ், வான்ட்செல் என்ற கணிதர்கள் தந்த தேற்றத்தின் விளைவு இது. வரைந்தாலும் கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 1 முதல் 4294967295 வரை உள்ள எண்களில், அதோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்க வேண்டும்: 2 × 4 × 16 × 256 × 65536. விடை 2³¹. அடுத்த எண்ணான 2³²-க்கும் அதே கேள்வியைக் கேட்டால், ஒற்றை எண்களை மட்டும் எண்ண வேண்டும், அதுவும் 2³¹! 3-4, 15-16, 255-256, 65535-65536 ஜோடிகளிலும் இப்படியே ஒத்துப்போகும். 2⁶⁴ − 1, 2⁶⁴ ஜோடிக்குப் போனால், 2³² + 1 ஒரு காரணியாக வருவதால் அந்த 641 உள்ளே புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும்.