கணினி கேள்வி–பதில்: அழித்த கோப்பு மறுநாளே திரும்பி வருவது ஏன்?

கேள்வி: நாங்கள் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு செய்து விற்கும் குடும்பத்தினர். எங்கள் இணையதளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் அமைந்தது; தளத்தைத் தன் சர்வரில் வைத்து நடத்தும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி வைத்திருக்கிறோம். சில வாரங்களாகக் கூகுளில் எங்கள் கடையின் பெயரைத் தேடினால், எங்கள் முகவரியிலேயே ஜப்பானிய எழுத்துகளில் காலணி, கைப்பை விற்பனைப் பக்கங்கள் வருகின்றன. ஆனால் முகவரியை நேராகத் தட்டித் திறந்தால் தளம் எப்போதும்போல்தான் இருக்கிறது. என் அண்ணன் மகன் சந்தேகமான கோப்புகளை எல்லாம் அழித்தான். மறுநாளே அவை திரும்பி வந்துவிட்டன. கணக்கை முடக்கப்போவதாக ஹோஸ்டிங் நிறுவனமும் எழுதியிருக்கிறது. கார்த்திகை விற்பனை நெருங்கும் நேரத்தில் என்ன செய்வது?
— வாசகர் ஒருவர், நாச்சியார்கோவில்

பதில்: உங்கள் தளத்துக்கு வந்திருப்பது உலகெங்கும் சிறு தளங்களைத் தாக்கிவரும், நன்கு அறியப்பட்ட ஒரு வகை ஹேக். உங்கள் முகவரிக்குக் கூகுளிடம் இருக்கும் நற்பெயரைத் திருடி, அதன் மேல் போலிக் கடைகளை ஏற்றுவதே இதைச் செய்பவர்களின் நோக்கம். அதனால்தான் கூகுளின் நிரல் வந்து பார்க்கும்போது மட்டும் ஜப்பானியப் பக்கத்தைக் காட்டிவிட்டு, நீங்கள் திறக்கும்போது விளக்குகளையே காட்டுகிறார்கள். உரிமையாளருக்குத் தெரியாமல் இருக்கும் வரை அவர்களுக்கு லாபம். எத்தனை பக்கங்கள் நுழைந்திருக்கின்றன என்று பார்க்க, கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ (site) என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள்.

அழித்தவை திரும்பி வருவதற்குக் காரணம், உங்கள் அண்ணன் மகன் அழித்தது விளைவை மட்டுமே என்பதுதான். ஆற்றங்கரை உடைப்பை அடைக்காமல் வயலில் நிற்கும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது. உள்ளே நுழைந்தவர் மறுபடி வர ஒரு பின்வாசல் கோப்பையோ, உங்களுக்குத் தெரியாத ஒரு நிர்வாகிக் கணக்கையோ, ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் குறித்த நேரத்தில் தானே ஓடும் ஒரு ‘கிரான்’ கட்டளையையோ விட்டுச் சென்றிருப்பார்; பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்கு மேல் இருக்கும். ஆகவே வேலையை வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

முதலில் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு இன்றே பதில் எழுதுங்கள். தளத்தைச் சுத்தம் செய்யும் வரை நீங்களே மூடி வைப்பதாகத் தெரிவித்து, தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று பதிவாகும் ‘ஆக்சஸ் லாக்’ கோப்புகளையும், அவர்களிடம் இருக்கும் பழைய பேக்கப்களின் தேதிகளையும் கேளுங்கள். பல நிறுவனங்கள் அந்தப் பதிவுகளைக் குறுகிய காலமே வைத்திருக்கும் என்பதால் தாமதம் கூடாது. எதையும் மேற்கொண்டு அழிக்கும் முன், கெட்டுப்போன நிலையிலேயே கோப்புகளையும் தரவுத்தளத்தையும் முழுமையாக ஒரு பிரதி இறக்கி வையுங்கள். எந்த வழியாக வந்தார்கள் என்பதற்கான தடயம் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது கடவுச்சொற்கள். அவற்றை மாற்றும் முன், தளத்தை நிர்வகிக்கப் பயன்படுத்தும் கணினியை வைரஸ் சோதனை செய்யுங்கள். சர்வருக்குக் கோப்புகளை ஏற்றும் எஃப்டிபி மென்பொருளிலும் பிரவுசரிலும் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் அந்தக் கணினியிலேயே இருந்தால், புதிய கடவுச்சொல்லும் அன்றே கைமாறிவிடும். பிறகு மின்னஞ்சல், ஹோஸ்டிங் கணக்கு, எஃப்டிபி, தரவுத்தளம், வேர்ட்பிரஸ் நிர்வாகி என எல்லாவற்றையும் மாற்றுங்கள். வேர்ட்பிரஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் உள்ள ரகசியச் சாவி வரிகளையும் புதிதாக மாற்றிவிட்டால், ஏற்கெனவே உள்ளே லாகின் ஆகியிருக்கும் அனைவரும், அந்நியர் உட்பட, வெளியேற்றப்படுவார்கள். பலர் மறக்கும் படி இது.

இனி சுத்தம் செய்வது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து கெட்ட வரியைத் தேடி நீக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. வேர்ட்பிரஸையும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் ‘தீம்’ தொகுப்பையும், கூடுதல் வசதி தரும் ஒவ்வொரு ப்ளகினையும் அவற்றின் அசல் மூலத்திலிருந்து புதிதாக இறக்கி வைத்து, பழையவற்றை அடியோடு விட்டுவிடுவதே உறுதியான வழி. பழையதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்றுதான்: தரவுத்தளம், டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பு, படங்கள் இருக்கும் ‘அப்லோட்ஸ்’ அடைவு. மூன்றையும் சோதித்த பின்பே எடுக்க வேண்டும். அப்லோட்ஸ் அடைவில் ஆண்டு, மாத வாரியாக உங்கள் விளக்குப் படங்கள் இருக்கும். அன்னம் வைத்த விளக்கின் ஜேபெக் படங்களுக்கு நடுவே பிஎச்பி என்று முடியும் ஒரு நிரல் கோப்பு தென்பட்டால், அதற்கு அங்கே அநேகமாக எந்த வேலையும் இல்லை. நோட்பேடில் திறந்து பாருங்கள். ‘இவால்’ (eval), ‘பேஸ்64 டீகோட்’ (base64_decode) என்ற சொற்களோடு தொடங்கி, பொருளற்ற எழுத்தும் எண்ணும் ஒரே வரியாக முடிவின்றி ஓடினால், நீங்கள் தேடும் பின்வாசல் அதுவே. கோப்பு மாற்றப்பட்ட தேதியை மட்டும் நம்பாதீர்கள். தேதியையும் பொய்யாக மாற்ற முடியும்.

‘எம்யூ-ப்ளகின்ஸ்’ என்ற அடைவையும் பாருங்கள். அதில் வைக்கப்படும் ப்ளகின்கள் வழக்கமான பட்டியலில் மற்றவற்றோடு தெரியாமல் தாமாக இயங்கும். தரவுத்தளத்தின் பயனர் அட்டவணையில் அறியாத நிர்வாகிகள் இருந்தால் நீக்குங்கள். அதே ஹோஸ்டிங் கணக்கில் முன்பு சோதனைக்காகப் போட்டு மறந்த இன்னொரு தளம் இருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள் அல்லது நீக்குங்கள். ஒரே கணக்கில் உள்ள தளங்களில் ஒன்று கெட்டிருந்தால் அது மற்றதையும் கெடுக்கும்.

உங்களுக்கு மிக முக்கியமானதாக நான் கருதுவது இது: தொடர்புப் பக்கத்திலும் பணம் செலுத்தும் பக்கத்திலும் உள்ள வங்கிக் கணக்கு எண், யூபிஐ முகவரி, கியூஆர் படம் ஆகியவை உங்களுடையவைதானா என்று உங்கள் கையில் இருக்கும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்து வாடிக்கையாளர் யாராவது பணம் இழந்திருந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் அவர் உடனே புகார் செய்ய வேண்டும். வாடிக்கையாளர்களுக்கு உண்மையைச் சொல்லத் தயங்காதீர்கள். ஊடுருவலை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவு வெளியிட்டுள்ளது. அங்கும் மின்னஞ்சல் வழியாகத் தெரிவியுங்கள்.

கடைசியாக, தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளர் பார்க்கும் கூகுள் சர்ச் கன்சோல். இந்த வகை ஹேக்கில், தாக்கியவர் தம்மையும் உங்கள் தளத்தின் உரிமையாளராக அங்கே சேர்த்துக்கொள்வது வழக்கம். அந்தப் பெயரை நீக்குவதோடு, அதற்குச் சான்றாக அவர் உங்கள் சர்வரில் வைத்த கோப்பையும் நீக்குங்கள். இல்லையென்றால் மீண்டும் சேர்ந்துவிடுவார். அவர் கொடுத்த சைட்மேப்களையும் (பக்கங்களின் பட்டியல் கோப்புகள்) அகற்றுங்கள். பாதுகாப்புச் சிக்கல் என்ற எச்சரிக்கை இருந்தால், எல்லாம் முடிந்த பிறகே மறுஆய்வு கோருங்கள். போலிப் பக்கங்கள் தேடலிலிருந்து முழுமையாக மறையச் சில வாரங்கள் ஆகலாம். கார்த்திகைக்குள் ஒன்றிரண்டு எஞ்சியிருந்தாலும் கலங்க வேண்டாம்.

கேள்வி: மன்னார்குடி வட்டாரத்தில் பாரம்பரிய நெல் விதைகளைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு சிறு குழுவுக்கு இணையதளம் இருக்கிறது. அமைத்துக் கொடுத்த தம்பி வெளிநாடு சென்றுவிட்டார். முகவரிக்கு அருகே பூட்டுப் படம் தெரிகிறது. நாள் ஒன்றுக்குச் சிலர்தான் பார்க்கிறார்கள். எங்களை யார் ஹேக் செய்யப் போகிறார்கள்?
— வாசகி ஒருவர், மன்னார்குடி

பதில்: உங்களைத் தேர்ந்தெடுத்து யாரும் வருவதில்லை, அம்மா. பழைய ப்ளகின் எங்கே இருக்கிறது என்று இணையம் முழுவதையும் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள்தான் வருகின்றன. அவற்றுக்கு விதைக் குழுவும் பெருநிறுவனமும் ஒன்றே. பூட்டுப் படத்தின் பொருள், வாசகருக்கும் சர்வருக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே. சர்வருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது தொழில்நுட்பம் சார்ந்ததே அல்ல. டொமைன் பெயரும் (தள முகவரி) ஹோஸ்டிங் கணக்கும் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன என்று அந்தத் தம்பியிடம் கேட்டு, குழுவின் பொறுப்பாளர் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தளம் கெட்டுப்போன நாளில் அவருடைய தொலைபேசி எடுக்கப்படாவிட்டால் உங்களால் எதுவும் செய்ய முடியாது.

பிறகு அப்டேட். பயன்படாத ப்ளகின்களைச் செயலிழக்கச் செய்தால் போதாது, நீக்கிவிட வேண்டும். விலைக்கு விற்கும் தீம்களை இலவசமாகத் தரும் தளங்களிலிருந்து எதையும் எடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள், அவற்றில் பின்வாசல் சேர்த்தே கொடுப்பது பரவலாக நடக்கிறது. சர்வரில் வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி மொழியின் பதிப்பையும் பாருங்கள், 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. நிர்வாகிக் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமையுங்கள்.

பேக்கப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். அதே சர்வரில் இருக்கும் பேக்கப், தளத்தோடு சேர்ந்தே அழிந்துபோகும். ஒருவர் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் மட்டும் வைப்பதும் நம் பகுதிக்குப் போதாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வீடுகளுக்குள் புகுந்த நீரும் பல நாள் இல்லாத மின்சாரமும் நம் பொருள்களை என்ன செய்தன என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பிரதியை டிஸ்க்கிலும், இன்னொன்றைக் கூகுள் டிரைவ் போன்ற வெளியிடத்திலும் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதிலிருந்து தளத்தை வேறிடத்தில் மீட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். விதைப் பட்டியலும் தொடர்பு எண்ணும் பருவத்துக்கு ஒருமுறைதான் மாறுகின்றன என்றால், வேர்ட்பிரஸே தேவையில்லை. தரவுத்தளமும் நிர்வாகிப் பக்கமும் இல்லாத எளிய எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றிவிட்டால், தாக்குவதற்கான இடங்களில் பெரும்பாலானவை இல்லாமலே போய்விடும்.

கேள்வி: ‘உங்கள் தளத்தை ஹேக் செய்து தரவுகளை எடுத்துவிட்டோம், பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் வெளியிடுவோம்’ என்று எங்கள் தளத்தின் படிவம் வழியாகச் செய்தி வந்துள்ளது. உண்மையா?
— வாசகர் ஒருவர், திருவாரூர்

பதில்: தொடர்புப் படிவம் உள்ள தளங்களுக்கெல்லாம் ஒரே வாசகத்தை அனுப்பும் மோசடி இது. உங்கள் தரவிலிருந்து ஒரு வரியையாவது அவர்கள் சான்றாகக் காட்டவில்லையென்றால் பணமும் அனுப்பாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். முதல் பதிலில் சொன்ன நிர்வாகிப் பட்டியலையும் அப்லோட்ஸ் அடைவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, படிவத்துக்கு, அனுப்புவது மனிதர்தானா என்று சோதிக்கும் ஒரு கேப்சா சேர்த்துவிடுங்கள்.