மறுமொழி: நான்கு மாதம் கழித்துச் சேணத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளர்

வணக்கம். கடலூர்க் குதிரைக்காரர் ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த சேணம் நான்கே மாதத்தில் முதுகை அழுத்துகிறதென்று அவர் முழுப்பணத்தையும் திருப்பிக் கேட்பதாகவும், முன்பணத்துக்குக்கூட ரசீது போடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பணத்தைப் பற்றிப் பேசுமுன் குதிரையைப் போய்ப் பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிச் சேணத்தைக் கழற்றியதும், சுற்றிலும் வியர்வையில் நனைந்திருக்க, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் இருபுறமும் உள்ளங்கையகலத்துக்கு மட்டும் காய்ந்து கிடக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் அழுத்தம் பெரும்பாலும் அங்கேதான். தீனிக்கும் பயிற்சிக்கும் ஏற்பக் குதிரையின் முதுகு இளைக்கவும் பெருக்கவும் செய்யும் என்பதாலும், உள்ளே அடைத்த கம்பளி முதல் சில மாதங்களில் அமுங்கும் என்பதாலும், இது உங்கள் வேலையின் குற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கம்பளியைத் திருத்திக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. உள்சட்டத்தின் அகலமே தொடக்கத்தில் தப்பியிருந்தால் மட்டும் பணத்தைப் பற்றிப் பேசலாம்.

புதுச்சேரியில் சிறு பட்டறை வைத்திருக்கும் நானும் இப்படி ஒருமுறை சூடுபட்டவன்தான். அதன்பிறகு, வளையும் கம்பியை முதுகின்மேல் அழுத்தி, அந்த வளைவைத் தாளில் வரைந்து, தேதியிட்டு, வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்காமல் தோலில் கத்தி வைப்பதில்லை. பழைய வளைவின்மேல் புதியதை வைத்துக் காட்டினாலே உரத்த குரல் பாதி தணிந்துவிடும். ஐப்பசி மழையில் தோல்மேல் பூஞ்சணம் பூத்ததையும் சிலர் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதற்கு மட்டும் இணங்காதீர்கள்.