பட்டறைப் பதில்கள்: கோணல்மாணல் மர ராக்கெட்டுகள்

போன இதழில் மரத்தில் மாடல் ராக்கெட் செய்வது பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன், அதற்கு வந்த கேள்விகள் இவை. ஒழுங்கான உருளை ராக்கெட் உங்களில் யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது. பெட்டி, பிரமிடு, நூல்கண்டு என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். நல்லது, எனக்கும் அவைதான் பிடிக்கும்.

50 செ.மீ. உயரம், 7 செ.மீ. சதுரத்தில் ஒரு பெட்டி ராக்கெட் செய்யப்போகிறேன். வீட்டில் 6 மி.மீ. பிளைவுட் மிச்சம் கிடக்கிறது. சி6-5 மோட்டார் போதுமா?
- கல்லூரி மாணவர்

போதாது. மோட்டார் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ‘சி’ என்பது அது மொத்தமாக எவ்வளவு தள்ளும் என்பதற்கான எழுத்து, 5-க்கு மேல் 10 நியூட்டன்-நொடி வரை. ‘டி’ என்றால் அதில் இரண்டு மடங்கு, அடுத்தடுத்த எழுத்துக்கும் இப்படியே இரட்டித்துக்கொண்டு போகும். நடுவில் இருக்கும் 6, சராசரி உந்துவிசை 6 நியூட்டன் என்கிறது. கடைசி 5, மருந்து எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டை வெளியே தள்ளும் சின்ன வெடி வரைக்கும் எத்தனை நொடி என்பது.

6 நியூட்டன் தோராயமாக 600 கிராமை அந்தரத்தில் தாங்கிப் பிடிக்கும். தாங்கினால் மட்டும் போதுமா? கிளம்பும்போது நேராக ஏற வழிகாட்டும் ஏவுகம்பியை விட்டு வெளியே வரும்போதே ராக்கெட் நல்ல வேகத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று அதைச் சாய்த்துவிடும். அதனால் எடையைப்போல ஐந்து மடங்கு விசை இருக்கட்டும் என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்கள் ராக்கெட் மோட்டார், பாராசூட் எல்லாம் சேர்த்து 120 கிராமுக்குள் நிற்க வேண்டும்.

இப்போது உங்கள் பிளைவுட்டுக்கு வருவோம். நாலு பக்கமும் சேர்த்து 1400 சதுர செ.மீ., அது 6 மி.மீ. தடிமனில் 840 கன செ.மீ. மரம். கன செ.மீ.க்கு 0.65 கிராம் என்று வைத்தால் சுவர் மட்டுமே 550 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, ராக்கெட் கம்பியிலேயே நின்று புகைவிடும். அதே பெட்டியைப் பால்சா என்கிற மிக லேசான மரத்தில் 1.5 மி.மீ. தடிமனில் செய்தால் சுவர்கள் ஏறக்குறைய 32 கிராம்தான். நாலு மூலையிலும் 5 மி.மீ. பால்சா குச்சி, உள்ளே மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் நடுவில் ஓட்டை போட்ட மெல்லிய பிளைவுட் சட்டம், அவ்வளவு போதும். பெட்டியைத் தாங்குவது இந்தச் சட்டங்கள்தான், சுவர் வெறும் தோல். இன்னொன்று, சதுரப் பெட்டி காற்றை நிறையத் தள்ளிக்கொண்டு போகும், சீக்கிரம் வேகம் குறைந்து திரும்பிவிடும். 5 நொடி காத்திருந்தால் பாராசூட் திறக்கும்போது அது தலைகீழாக இறங்கிக்கொண்டிருக்கும். சி6-3 போடுங்கள். கொஞ்சம் எடை கூடிவிட்டால் 24 மி.மீ. மோட்டார் குழாய் வைத்து டி12-3. மிச்ச பிளைவுட்டை ஏவுதளத்துக்கு அடிப்பலகையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு அது அருமையான சாமான்.

நான் தச்சு வேலை செய்கிறவன். பசையை மட்டும் நம்ப மனசு வரவில்லை. சின்ன ஆணி, திருகு எதாவது வைக்கலாமா?
- ஒரு வாசகர்

வைக்கக் கூடாது. மூக்கு, உடம்பு, வால் இறக்கை மூன்றிலும் உலோகம் வேண்டாம் என்பது மாடல் ராக்கெட்டின் அடிப்படை விதி. ஏதாவது தவறாகிக் கீழே வந்தால் மரம் நொறுங்கும், ஆணி நொறுங்காது. உங்கள் கைக்கு மூட்டு போடுவது பழக்கமாயிற்றே, இறக்கையின் அடியில் ஒரு நாக்கு விட்டு, உடம்பில் காடி வெட்டி, அதை உள்ளே இருக்கும் மோட்டார் குழாய் வரை கொண்டுபோய் ஒட்டிவிடுங்கள். இழுத்துப் பார்த்தால் மரம்தான் கிழியும், மூட்டு விடாது.

நூல்கண்டு மாதிரி மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் மோட்டார் குழாய், இப்படி ஒரு ராக்கெட் பறப்பதைப் பார்த்தேன். வால் இறக்கையே இல்லை. எப்படி நேராகப் போகிறது?
- பள்ளி ஆசிரியை

இந்த மாதக் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். சாதாரண ராக்கெட்டில் இரண்டு புள்ளிகளைப் பார்ப்போம். ஒன்று ஈர்ப்பு மையம், விரலில் வைத்தால் எங்கே சமமாக நிற்கிறதோ அது. இன்னொன்று அழுத்த மையம், காற்றின் தள்ளல் எல்லாம் சேர்ந்து எங்கே விழுகிறதோ அது. ஈர்ப்பு மையம் முன்னால், அழுத்த மையம் பின்னால், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது உடம்பின் ஒரு விட்டம் அளவு இடைவெளி இருந்தால் ராக்கெட் கொஞ்சம் சாய்ந்தாலும் காற்றே அதை நிமிர்த்திவிடும். வால் இறக்கை வைப்பதே அழுத்த மையத்தைப் பின்னால் இழுக்கத்தான்.

நூல்கண்டு ராக்கெட்டில் அந்த வேலையைக் கீழ்ப்புறத்து இழுப்பு செய்கிறது. அகலமான தட்டு வேகமாக மேலே போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, காற்று ராக்கெட்டைப் பின்னுக்கு இழுக்கிறது. ஒல்லியான ராக்கெட்டில் இந்த இழுப்பு கணக்கில் வராத அளவு சின்னது. குட்டையாக, குண்டாக இருப்பதில் இதுவே பெரிய நிலைப்படுத்தி. ஓப்பன்ராக்கெட் போன்ற இலவச மென்பொருளில் இப்படி ஒன்றை வரைந்தால் அது ‘நிலையற்றது’ என்று கத்தும், ஏனென்றால் அழுத்த மையத்தைக் கண்டுபிடிக்க அது பயன்படுத்தும் பாரோமன் கணக்குமுறை இந்த இழுப்பை நிலைத்தன்மையில் சேர்ப்பதில்லை. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. ராக்கெட்டின் பின்னால் எடையே இல்லாத ஒரு கற்பனைக் கூம்பை ஒட்டுங்கள், கூர்முனை ராக்கெட்டின் அடியைத் தொட, அகன்ற வாய் பின்பக்கம் பார்க்க. வாயின் விட்டம் ராக்கெட்டின் விட்டம், நீளம் அந்த விட்டத்தைப்போல 3.14 மடங்கு. நீளம் விட்டத்தில் பத்து மடங்குக்கும் குறைவாக உள்ள குட்டை ராக்கெட்டுகளுக்கு இது நன்றாகவே ஒத்துவருகிறது. இழுவிசை, உயரம் பார்க்கும்போது மட்டும் கூம்பை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்கள் தப்பாக வரும்.

செய்வதில் கவனிக்க வேண்டியது எடை எங்கே உட்காருகிறது என்பது. 20 செ.மீ. விட்டத்தில் 3 மி.மீ. பிளைவுட் தட்டு ஒன்றே 60 கிராம் வரும். 1.5 மி.மீ. பால்சா இரண்டைக் ரேகை, அதாவது மர நார் ஓடும் திசை, குறுக்கும் நெடுக்குமாக வரும்படி வைத்து ஒட்டினால் அதே தட்டு, பசை நீங்கலாக, 14 கிராம்தான். பிளைவுட்டை மேல் தட்டாகவும் பால்சாவைக் கீழ்த் தட்டாகவும் வையுங்கள். மாற்றி வைத்தால் மோட்டாரும் கீழே, கனமான தட்டும் கீழே என்றாகி, ஏவியவுடன் குட்டிக்கரணம் போடும். மோட்டார் குழாயின் மேல் முனையை மூட வேண்டாம், கடைசி வெடியின் வாயு வெளியேற வழி வேண்டும், மூடினால் மோட்டார் பின்பக்கமாகத் தெறித்து விழும். உயரமாகவும் போகாது, மெதுவாகத்தான் ஏறும், பார்க்க அதுதான் அழகு.

மோட்டாரையும் வீட்டிலேயே செய்துகொண்டால் என்ன? செலவு மிச்சமாகுமே.
- பெயர் போடாதவர்

விரல் மிச்சமாகாது. இந்தப் பகுதியில் மருந்து, கலவை எதுவும் வராது, தயவுசெய்து மறுபடி எழுத வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். 1954-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை நடத்திவந்த ஓர்வில் கார்லைலும், மாடல் விமானக்காரரான அவர் சகோதரர் ராபர்ட்டும் மாற்றிப்போடக்கூடிய மோட்டாரோடு ஒரு சின்ன ராக்கெட் செய்தார்கள். 1957-ல் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்ததும் ஊரெல்லாம் பையன்கள் தாங்களே மருந்து அடைத்து அடிபட்டுக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலை மோட்டார் என்கிற அந்த யோசனைதான் ராக்கெட் பொறியாளர் ஜி. ஹாரி ஸ்டைன் போன்றவர்களுக்குக் கைகொடுத்தது. மரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடுங்கள், மோட்டார் கடையில் வாங்கியதாக இருக்கட்டும். உங்கள் நாட்டில் அதை வாங்கவும் ஏவவும் என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுக்கொண்ட பிறகு மரத்தைத் தொடுவது நல்லது.

பால்சா இறக்கை ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் உடைகிறது. தடிமனைக் கூட்டட்டுமா?
- ஒரு வாசகி

உடைந்த துண்டை எடுத்து விளிம்பைப் பாருங்கள். உடைப்பு கோடு போட்ட மாதிரி நேராக, உடம்புக்கு இணையாக ஓடுகிறதா? அப்படியானால் ரேகை தவறான திசையில் இருக்கிறது. காற்றை முதலில் சந்திக்கும் முன்விளிம்புக்கு இணையாக ரேகை போக வேண்டும், அப்போதுதான் நார்கள் அடியிலிருந்து நுனிவரை ஓடி இறக்கையைப் பிடித்துக்கொள்ளும். பால்சாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ரேகை தெளிவாகத் தெரியும். நகத்தால் லேசாக அழுத்தி, ஆழமாகப் பள்ளம் விழும் பகுதியை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் எதிர்க்கும் பகுதியில் வெட்டுங்கள், ஒரே பலகையிலேயே இரண்டும் இருக்கும்.

ஒட்டுவதை ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். இறக்கையின் அடியிலும் உடம்பிலும் மெலிதாகப் பசை தடவிக் காயவிட்டு, மறுபடி தடவி ஒட்டுங்கள், முதல் பூச்சை மரம் குடித்துவிடுவதால் இரண்டாவதுதான் உண்மையில் பிடிக்கிறது. காய்ந்தபின் மூலையில் இரண்டு பக்கமும் பசையை வழியவிட்டு ஈரவிரலால் ஒரே இழுப்பில் வழித்து வளைவாக்குங்கள். தடிமனைக் கூட்டினால் எடை ஏறுவது பின்பக்கம், நூல்கண்டில் சொன்ன அதே வில்லங்கம் இங்கேயும் வரும்.

பிரமிடு ராக்கெட்டுக்கு இறக்கை வேண்டுமா? நிலையாக நிற்குமா என்று பறக்கவிடாமல் பார்க்க வழி உண்டா?
- மாதாமாதம் எழுதும் வாசகர்

வேண்டியதில்லை. கூம்புக்கு அழுத்த மையம் நுனியிலிருந்து நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கும், பிரமிடுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். ஈர்ப்பு மையம் அதற்கு நல்ல தள்ளி முன்னால் வர, உச்சிக்குள் பொம்மை செய்யும் களிமண்ணை அடைத்துப் பசை ஊற்றி இறுக்குங்கள். அடைத்த எடையும் மொத்தக் கணக்கில் சேரும், மறக்க வேண்டாம்.

நீளமான ராக்கெட்டுகளுக்குக் கயிறு சோதனை உண்டு: மோட்டார் போட்டு, பாராசூட் மடித்து வைத்து, ஈர்ப்பு மையத்தில் கயிறு கட்டி டேப் ஒட்டி, இரண்டு மீட்டர் கயிற்றில் தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். மூக்கு முன்னால் போனால் சரி. குட்டையானவை இதில் தோற்றாலும் நேரே பறக்கக்கூடும், அவற்றுக்கு மேலே சொன்ன கூம்புத் தந்திரத்தையே நம்புங்கள். கயிறு சுற்றும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது, பூனை உட்பட.

குழாயையே மரத்தில் செய்ய முடியுமா?
- இன்னொரு தச்சர்

முடியும், வெனீர் என்கிற மெல்லிய மரத் தகடு இருந்தால். ஒரு பிளாஸ்டிக் குழாயின் மேல் மெழுகுத்தாள் சுற்றி, வெனீரின் ரேகை குழாயின் நீளவாக்கில் இருக்கும்படி வைத்து, வெளிப்பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். ஈரம்பட்ட பக்கம் உப்பி, தகடு தானாகச் சுருண்டுகொள்ளும். ஒரு சுற்று மட்டும் என்றால் ரேகையோடு பிளந்துவிடும், உள்ளே தடித்த காகிதம் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள், பாராசூட்டும் வழுக்கிக்கொண்டு வரும். இப்படி ஒரே அளவில் ஏழு குழாய் செய்தால், ஒன்று உடம்பு, ஆறு அதைச் சுற்றி இறக்கைக்குப் பதிலாக. சம அளவு வட்டங்கள் ஆறு, ஏழாவதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் உட்காரும்.

எண்ணெய்ப் பெயின்ட் எத்தனை கோட்?
- ஒரு வாசகர்

மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் தடவி உப்புத்தாள் போட்டபின் ஒன்று. இரண்டாவது அடிக்கிற ஆசை இருந்தால் மூக்கில் மட்டும்.

கடைசல் மெஷின் இல்லாமல், டிரில்லிங் மெஷினில் பால்சா மூக்கைக் கடைந்தேன், கச்சிதமாக வந்தது. ஆனால் மழை நாளில் ஏவியபோது பாராசூட் திறக்கவே இல்லை.
- கல்லூரி மாணவி

மரம் ஈரத்தில் உப்பி, மூக்கின் கழுத்து குழாய்க்குள் இறுகியிருக்கும். கச்சிதமாகக் கடைந்ததுதான் வினை. கழுத்தைக் கொஞ்சம் ஒல்லியாகத் தேய்த்துச் சீலர் பூசிவிட்டு, தளர்ச்சியை டேப் சுற்றிச் சரிசெய்யுங்கள். தலைகீழாகப் பிடித்தால் தானாக விழக் கூடாது, இரண்டு விரலால் இழுத்தால் மல்லுக்கட்டாமல் வரவேண்டும். ஒவ்வொரு முறை ஏவும் முன்பும், கம்பியில் மாட்டுவதற்குச் சற்று முன்னால், இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. போய்ப் பார்க்கலாமா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவர்

உடனே போகாதே தம்பி. பொத்தான் இருக்கும் ஏவு பெட்டியின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, 60 நொடி இருந்த இடத்திலேயே நில். டி வரைக்குமான மோட்டாருக்கு அந்த இடம் குறைந்தது 5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், பெரியவர் ஒருவரும் கூட இருக்க வேண்டும். அப்புறம் போய் மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரைப் பார், பெரும்பாலும் அதன் இரண்டு கால்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், இல்லையென்றால் மோட்டாருக்குள் மருந்தைத் தொடாமல் நின்றிருக்கும். புதிது மாட்டு. கிளிப்பில் கரி பிடித்திருந்தால் அதையும் உப்புத்தாளில் ஒரு தேய் தேய்த்துவிடு.