முகப்பு வேண்டாம், தரையைப் பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் காரைக்குடிப் பக்கம் போகிறோம். பெரிய வீடுகளின் முகப்பைத்தான் எல்லோரும் வரைகிறார்கள். வாட்டர்கலரில் வேறு என்ன வரையலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடி ஊரில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்) பதித்த தரை! இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிமேல் உலோக அச்சை வைத்து, வண்ண சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிடுவார்கள். அதனால் பூவின் ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும். அழகே அதில்தான், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கெடுத்துவிடாதீர்கள்.

தடிமனான 300 ஜி.எஸ்.எம். தாள், ஏ5 அளவு போதும். வீட்டாரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். தூரத்துக் கற்களைப் பெரிதாக வரைந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. உங்களுக்கு அருகிலுள்ள முதல் கல்லின் மூலைவிட்டத்தை நேராக நீட்டுங்கள். அடுத்தடுத்த வரிசைகளின் மூலைகள் அதன்மேல் விழ வேண்டும். மூன்றாவது வரிசைக்குப் பிறகு பூவே வேண்டாம், வண்ணப் புள்ளி போதும்.

முதலில் வெளிர் மஞ்சள். நன்றாகக் காய்ந்தபின் காவிச் சிவப்பு; ஓரத்தை ஈரத் தூரிகையால் ஒருமுறை தொடுங்கள். வெயிலில் உட்கார்ந்தால் வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) பாதியிலேயே காய்ந்து திட்டு விழும். தூண் நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். நீலத்தோடு காவியைக் கலந்து ஒரே இழுப்பில் போடுங்கள். மறுபடி தேய்த்தால் அடியிலுள்ள சிவப்பு கரைந்து மேலே வந்துவிடும்.