புளோர் வீதியின் சைக்கிள் தடங்கள் – கடிதம்

வணக்கம் ஐயா,

ரொறொன்ரோவின் சைக்கிள் தடங்களை ஆதரித்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலிருந்து புளோர் வீதிக் கடைகளுக்கு வான் வண்டியில் பொருள் கொண்டுபோய் இறக்குபவன். தடம் வந்த பிறகு வானை நிறுத்த இடமில்லை, நெரிசலும் கூடிவிட்டது. பனிக்காலத்தில் அதில் சைக்கிள் ஓடுபவர்களும் மிகக் குறைவு. மக்கள் தெரிந்தெடுத்த ஒன்ராறியோ மாகாண அரசு அந்தத் தடங்களை அகற்ற முடிவெடுத்ததை ஒரு நீதிபதி தடுப்பது முறையா?

ஸ்காபரோ வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

வானை நிறுத்த இடமில்லை என்ற உங்கள் முறைப்பாடு நியாயமானது. 2016இல் புளோரில் பரீட்சார்த்தமாகத் தடம் அமைத்தபோது, காரில் செல்வோருக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகப் பிடித்ததை நகரசபையின் ஆய்வே பதிவுசெய்திருக்கிறது. ஆனால் நெரிசலின் வேர் அதுவன்று. ஸ்காபரோவை ஊடறுத்துச் செல்லும் 401 நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு இடமே இல்லை. பல பகுதிகளில் 12 வாகனத் தடங்களும் அதற்கு மேலும் உண்டு. இருந்தும் மாலையில் அங்கே வண்டிகள் ஊர்கின்றன. வீதியை அகலமாக்கினால், அதுவரை வேறு வழியிலோ வேறு நேரத்திலோ போனவர்களும் காரை எடுத்துக்கொண்டு அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

நீதிமன்றத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டம் புளோர், யங், யூனிவர்சிற்றி ஆகிய வீதிகளின் தடங்களை அகற்ற வழிசெய்தது. 2025 ஜூலையில் நீதிபதி போல் ஷாபாஸ் வழங்கிய தீர்ப்பு, சைக்கிள் தடம் குடிமக்களின் உரிமை என்று எங்கும் சொல்லவில்லை. தடத்தை நீக்கினால் சைக்கிளில் செல்வோர் காயமடையவும் உயிரிழக்கவும் கூடிய ஆபத்து அதிகரிக்கும், நெரிசலோ குறையாது என்பதை அரசுக்குக் கிடைத்த ஆலோசனைகள் உட்பட முன்வைக்கப்பட்ட சான்றுகள் காட்டின. பயனற்ற ஒன்றுக்காக உயிரைப் பணயம் வைப்பது, உயிருக்கும் உடற்பாதுகாப்புக்கும் உரிமையளிக்கும் கனடிய உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் 7ஆம் பிரிவை மீறுகிறது என்பதே அவர் கண்ட முடிவு. அரசு மேல்முறையீட்டுக்குப் போவதாக உடனே அறிவித்தது. அதற்கான உரிமை அதற்கு உண்டு. பெரும்பான்மை பெற்ற அரசும் காரணமின்றி ஒருவரை ஆபத்தில் தள்ளக்கூடாது என்பது, அரசுகளின் கையில் அவதிப்பட்டு இங்கே வந்த நமக்கு அந்நியமான கருத்தா?

பனிக்காலத்திலும் அந்தத் தடத்தில் ஓடுபவர்களைச் சற்றுக் கவனியுங்கள். அவர்களில் பலர் முதுகில் உணவுப் பெட்டி சுமக்கும், அண்மையில் இந்நாட்டுக்கு வந்த மாணவர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் நோயாளியையும் விறகையும் சைக்கிளிலேயே ஏற்றிச் சென்றவர்கள் நாம். அந்தப் பிள்ளைகளின் அருகே பாரவண்டி உரசிச் செல்வதை என்னால் அமைதியாகப் பார்க்க முடியாது.

உங்கள் கோபம் சேரவேண்டிய இடம் வேறு. 2023 ஜூலையில் தடம்புரண்ட ஸ்காபரோ ரயில் மீண்டும் ஓடவேயில்லை. அதில் போய்வந்தவர்களுக்குப் பேருந்துதான் மிஞ்சியது. பேருந்தில் பொழுதைக் கழிக்க இயலாதவர் கார் வாங்குகிறார். அந்தக் கார்தான் உங்கள் வானுக்கு முன்னால் நிற்கிறது. புளோரில் பொருள் இறக்கும் இடங்களை ஒதுக்கும்படி நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கையொப்பமிட நானும் வருகிறேன்.